வான்கோழிக்குப் பயம் கற்பித்த ஜெபசீலன்

வான்கோழிக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஜெபசீலன் படம் எடுத்துக் காட்டமாட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, வலது கையை மடக்கி இறக்கையாக்கி, தோளுக்குச் சற்றுப் பின்னால் விரலை வைப்பார். "இங்கே. ஒரு ஆரஞ்சுப் பழம் அளவுதான். முன்நெஞ்சில் அடித்தால் சதை கிழியும், பறவை பறந்துபோய் எங்கேயோ விழும், உனக்குக் கிடைக்காது." பிறகு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் பின்னால் விரித்துத் தோகையாக்குவார். "இப்படி நின்றால் விசிறியின் அடியில், நடுவே." ஐம்பது வயதும் அதற்கேற்ற வயிறும் உள்ள ஒருவர் கடை நடுவில் தோகை விரித்து நிற்பதைப் பார்த்து அரபிகள் யாரும் சிரித்ததில்லை. அவர்கள் வில் வேட்டைக்காக அமெரிக்காவுக்கு விமானச் சீட்டு எடுத்து வைத்திருப்பவர்கள். அவர் காட்டும் இடம் அவர்களுக்கு முக்கியம்.

அவர் அதுவரை உயிரோடு பார்த்த வான்கோழிகள், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் குளச்சல் சந்தையில் காலைக் கட்டிப் போட்டிருந்தவை மட்டும்தான்.

வளைகுடாவில் அல் ஐன் நகரில், ஒட்டகச் சந்தைக்குப் போகும் சாலையில் இருக்கிறது அந்தக் கடை. வேட்டை, மீன்பிடி, பாலைவனக் கூடாரம் ஆகிய மூன்றுக்கும் வேண்டிய சாமான்கள் விற்பார்கள். நாட்டுக்குள் காட்டு உயிர் எதையும் தொடக் கூடாது என்பது சட்டம். ஆகவே வில் வாங்குகிறவர்கள் ஒன்று, தோட்டத்தில் ரப்பர் மானையும் ரப்பர் பன்றியையும் எய்வார்கள். அல்லது வெளிநாடு போய் எய்துவிட்டு வந்து கைபேசியில் படம் காட்டுவார்கள். ஜெபசீலன் எந்தப் படத்திலும் பறவையைப் பார்க்கமாட்டார். அம்பு எங்கே நுழைந்திருக்கிறது என்று பார்ப்பார்.

கடற்கரைக் குடும்பத்தில் பிறந்து, தூண்டிலையும் மீன் வாடையையும் விட்டுத் தப்பிக்கத்தான் அவர் வளைகுடாவுக்கு வந்தார். வந்த இடத்தில் அவரைத் தூண்டில் பகுதியில் நிறுத்தினார்கள். சில வருடங்கள் கழித்து, வில் வேலை பார்த்த பிலிப்பினோக்காரர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட, நாண் மாற்றும் பிரஸ் துணி போர்த்தி மூலையில் கிடந்தது. ஜெபசீலன் மதிய ஓய்வு நேரத்தில் துணியை எடுத்துப் பார்த்தார். முதல் வில்லைப் பிரஸ்ஸில் கோணலாக ஏற்றியதில், அது தெறித்து உதட்டைக் கிழித்தது. இரண்டாவது வில்லின் கேபிளைக் கப்பியின் தப்பான பள்ளத்தில் போட்டார். மூன்றாவதை, கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றினார். நாணின் நடுவில் நூல் சுற்றும் வேலை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அது தூண்டில் நரம்பில் சுற்றும் அதே சுற்று. தப்பி வந்தது முழுவதுமாகத் தப்பியதில்லை என்று அதில் தெரிந்துகொண்டார்.

இப்போது பதினாறு வருடமாக அந்த மேசை அவருடையது. மனைவி தேவகனி அதே ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். மகள் ஜிஷா நாகர்கோவிலில் கல்லூரியில். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, சேதுமாதவன் ஒரு காலையில் மேசைக்கு வரும்வரை.

சேதுமாதவன் கடையின் மேனேஜர். கோயம்புத்தூர்க்காரர். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் உட்கார்ந்து பேசுவார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஜெபசீலன். ஓனர் வில் செக்‌ஷனை மூடிரலாம்னு நினைக்கிறார். வியாபாரம் இல்லைங்க."

"எனக்க வேல?"

"வேலை போகாதுங்க. சலாலாவுல நம்ம பிராஞ்ச் இருக்குது. அங்க தூண்டில் கவுண்ட்டர்ல ஆள் வேணுமாம். கடல் பக்கத்துலயே. உங்களுக்குப் பழக்கமான விஷயந்தானே."

ஜெபசீலன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓமானின் தெற்கு முனையில் அவர் தூண்டில் விற்க, தேவகனி அல் ஐனில் தனியாக இருப்பாள். எதிலிருந்து ஓடி வந்தாரோ அதே கொக்கி, இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போய் அவரைப் பிடிக்கிறது.

"ஒரே ஒரு வழி இருக்குங்க," என்றார் சேதுமாதவன். "அபூ மாஜித்."

அபூ மாஜித் பழைய வாடிக்கையாளர். எழுபதைத் தொட்டவர். ஒவ்வொரு வசந்தத்திலும் டெக்சாஸ் போய் வில்லால் வான்கோழி அடித்துக்கொண்டிருந்தவர், முழங்கால் போன பிறகு நிறுத்திவிட்டார். விமானத்தில் காலை நீட்ட முடியவில்லை. அதனால் வான்கோழியை இங்கே வரவழைத்தார். காட்டு இனத்துக் குஞ்சுகளைக் காகிதங்களோடு இறக்குமதி செய்து, நகருக்கு வெளியே காஃப் என்னும் பாலைவன மரங்கள் நிற்கும் தன் தோட்டத்தில் வேலிக்குள் விட்டு வளர்த்தார். தன் வேலி, தன் பறவை என்று கேட்க வேண்டிய இடங்களில் கேட்டு அனுமதியும் வாங்கியிருந்தார். அவருடைய தம்பிகள் இரண்டு பேர், அண்ணன் அடித்துக் காட்டினால் தாங்களும் தங்கள் தோட்டங்களில் இதையே செய்யலாம், எல்லா வில்லும் இதே கடையில் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் ஒண்ணு அடிச்சுட்டாப் போதுங்க," என்றார் சேதுமாதவன். "மார்ச் முடியறதுக்குள்ள."

ஜெபசீலன் அன்று மாலையே அபூ மாஜித்தின் வில்லை வரவழைத்துப் பிரித்தார். வயதான தோளுக்கு ஏற்ப இழுவைப் பாரத்தைக் குறைத்தார். நாணில் ரப்பர் மீசை கட்டிச் சத்தத்தை அடக்கினார். அம்பு உரசும் இடத்தில் பஞ்சுப் பட்டை ஒட்டினார். காட்டு வான்கோழிக்கு மோப்பம் கிடையாது, ஆனால் கண்ணும் காதும் மனிதனைவிடப் பல மடங்கு என்று அவர் படித்திருந்தார். அம்புக்கு, உடம்பில் பட்டதும் விரியும் அகலமான முனையைத் தேர்ந்தெடுத்தார். பாரம் குறைந்த வில்லுக்கு அது அதிகப்படி அகலமா என்று பழைய ஜிம் பையில் கம்பளம் திணித்து எய்து பார்த்தார். அதிகப்படிதான். அடுத்த சிறிய அளவுக்கு மாறினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியவில்லை. வில் சரி, அம்பு சரி, பறவை வருமா? அதையும் சரிபார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போனார்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ராமையா. இராமநாதபுரத்துக்காரர். ஆடு, ஒட்டகம், பேரீச்ச மரம், இப்போது வான்கோழி. குஞ்சாக வந்தபோது ஏசி அறையில் தன் கட்டிலுக்கடியில் பெட்டியில் வைத்து வளர்த்தவர். அதில் நடுவிரல் கோணிய ஒரு சேவலுக்குக் குச்சி வைத்துக் கட்டுப்போட்டு நடக்கவைத்திருந்தார். அது அவர் பின்னாலேயே தாங்கித் தாங்கி நடக்கும். அதற்கு மாப்பிள்ளை என்று பேர்.

ஜெபசீலன் பையிலிருந்து வட்டமான சிலேட்டுத் தகட்டை எடுத்தார். மரக்குச்சியால் அதில் தேய்த்தால் பெட்டை வான்கோழி கூப்பிடும் குரல் வரும். வீட்டில் தேவகனி காதைப் பொத்திக்கொள்ள, ஒரு மாதம் பழகியிருந்தார்.

"என்னண்ணே இது, பல்லைக் கூசுது," என்றார் ராமையா.

"பெட்ட சேவலக் கூப்பிடுது டே."

"நம்மூருல பெட்டை கூப்பிட்டா சேவலு ஓடியாருமா? சேவலுதான பின்னாடி போவும்."

ஜெபசீலன் தேய்த்தார். தூரத்தில் மேய்ந்த பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டன. குச்சியின் கோணத்தை மாற்றினார். சிலேட்டை மணல்தாளால் உரசினார். ஒன்றும் நடக்கவில்லை. இரை போடும் நேரம் வந்ததால் ராமையா பார்லி வாளியைத் தட்டினார்; பறவைகள் ஓடி வந்தன. அப்போதும் ஜெபசீலன் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தேய்த்ததும் இரண்டு பறவைகள் வந்தன. அதற்கடுத்த வாரம் எல்லாம் வந்தன. கோணம் சரியாகிவிட்டது என்று அவர் முடிவுசெய்தார். குச்சியில் அந்தக் கோணத்தை மார்க்கரால் குறித்தும் வைத்துக்கொண்டார். கூட்டமே இறக்கை அடித்துக்கொண்டு ஓடிவரும் அளவுக்கு அவருடைய கலை தேறியதும் சேதுமாதவனுக்குப் போன் செய்தார்.

"அர்பாபக் கூட்டிட்டு வரலாம் சார்." அபூ மாஜித்தை வேலைக்காரர்கள் எல்லாரும் அர்பாப், அதாவது எசமான், என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேட்டை நாளில் விடியுமுன்னே மறைவுக் கூடாரத்தைக் கட்டி, உள்ளே கறுப்புத் துணி போட்டு, ஜெபசீலனும் அபூ மாஜித்தும் கறுப்புச் சட்டையில் உட்கார்ந்தார்கள். வெளியே கச்சிதமான அம்பு தூரத்தில் பொம்மைப் பெட்டை. அபூ மாஜித் சின்னப் பையனைப் போல் சிரித்துக்கொண்டு அம்பை நாணில் பொருத்தினார். ஜெபசீலன் சிலேட்டைத் தேய்த்தார்.

காஃப் மரத்தடியிலிருந்து கூட்டம் புறப்பட்டது. அபூ மாஜித் நாணை இழுத்தார். பறவைகள் பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டின. குறிபார்க்கத் தூரமே மிஞ்சவில்லை. கூடார ஜன்னலில் வரிசையாகத் தலைகள் நீட்டின. ஒன்று அம்பு முனையை ஒரு கண்ணால் ஆராய்ந்தது. துணிக்கு அடியில் நுழைந்த மாப்பிள்ளை, அபூ மாஜித்தின் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டு, அவர் காலோரமாக உடம்பைத் தாழ்த்தி உட்கார்ந்தது.

அபூ மாஜித் நாணை மெதுவாகத் திரும்ப விட்டார். பிறகு, இருவருக்கும் பொதுவான உருதுவில் கேட்டார்: "பாய், இது வேட்டையா?"

"பெட்டையின் குரல் என்று நினைத்துத்தான் வருகின்றன அர்பாப். குரல் சரியாக..."

"இவை உன் குரலுக்கு வரவில்லை. சோற்றுக்கு வந்திருக்கின்றன."

அவர் அங்கேயே உட்கார்ந்தபடி பள்ளிவாசலில் பாடம் நடத்தும் மைத்துனருக்குப் போன் செய்தார். மைத்துனர் சத்தமாகப் பேசுகிறவர், மறுமுனையும் கேட்டது. ஜெபசீலனுக்குப் புரியும் அளவு அரபிதான்.

"கையால் பிடிக்க முடியுமா?" என்றார் மைத்துனர்.

"காலடியில் உட்கார்ந்திருக்கிறது."

"மனிதனைக் கண்டால் ஓடுமா?"

"செருப்பைத் தின்கிறது."

"அப்படியானால் அம்பு ஆகாது. ஓடுகிற பிராணியை அல்லாஹ்வின் பேர் சொல்லி எய்தால் அது வேட்டை. பிடிபடுகிறதை எய்தால் அது செத்த பிராணி. இதற்குக் கத்திதான்."

அபூ மாஜித் போனை வைத்தார். தின்ன முடியாததைக் கொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. எழுந்து கூடாரத்தைவிட்டு வெளியே போகும்போது சொன்னார்: "இவை என்னைப் பார்த்து ஓடத் தொடங்கினால் கூப்பிடு."

அப்படியாகத்தான் வில் மெக்கானிக்கான ஜெபசீலனுக்கு வான்கோழிகளைப் பயமுறுத்தும் வேலை வந்தது. பயம் போக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பயம் கற்பிக்க, அதுவும் பொறுமையாகக் கற்பிக்க, அவருக்கு வழிகாட்ட ஒருவரும் இல்லை.

முதலில் கறுப்புக் குடையைப் பட்டென்று விரித்தார். நிழல் கிடைத்தது என்று பறவைகள் அடியில் வந்து நின்றன. எண்ணெய் டின்னைத் தட்டினார். அது வாளிச் சத்தம்போல் இருந்ததால் கடைசியில் நின்ற பறவையும் ஓடிவந்தது. ராமையாவுக்குக் கோணிச்சாக்கை மாட்டி, தலையில் ஹெல்மெட் போட்டுக் கத்தச் சொன்னார். ராமையா நன்றாகவே கத்தினார். இரண்டு நாளில் பறவைகள் ஹெல்மெட்டோடு உள்ள ராமையாவையும் ஏற்றுக்கொண்டன.

"என்னண்ணே, நம்மளக் கண்டு ஊர்லயே ஒரு பய பயந்ததில்ல. இதுக எப்புடிப் பயப்படும்?"

"நீ சிரிச்சுக்கிட்டே கத்துதே. அதான்."

"பெத்த பிள்ள மாதிரி பாக்குதுக. எப்புடி மொறைக்கிறது?"

மனிதர் கண்ணில் படாமல் விடியுமுன் இரையைத் தூவலாம் என்று ஜெபசீலன் திட்டம் போட்டார். ராமையா தூவினார், பேசிக்கொண்டே தூவினார். பிப்ரவரி பாதி போய்விட்டது. சேதுமாதவன் சலாலாவுக்கு விசா விவரம் கேட்டு மெயில் அனுப்பத் தொடங்கினார்.

தேவகனி இதையெல்லாம் நாலு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "இஞ்ச பாருங்க. அதுவளுக்குத் தடுப்பூசி போட்டாச்சா?"

"மருந்து வந்து பிரிட்ஜில இருக்கு. ராமையாவுக்கு ஊசி பிடிக்க மனசு வரல்லியாம். தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கான்."

"எனக்க வார்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்க. அட்மிஷன் ஆகுத அன்னைக்கு ஒவ்வொண்ணும் ஆன்ட்டி ஆன்ட்டின்னு சேலையப் பிடிச்சிக்கிட்டுத் திரியும். மொதல் ஊசி போட்டாப் போதும். பிறகு நான் கதவத் தொறந்தா அலறும். நான் சிரிச்சாலும் அலறும். இருவது வருஷமா நான் பாத்த பயம் ஒங்க குடையில வருமா?"

அடுத்த விடுமுறை நாளில் அவள் வார்டு உடுப்பிலேயே தோட்டத்துக்கு வந்தாள். ராமையா ஒவ்வொன்றாகப் பிடித்துக் காலைக் கட்டிக் கொடுத்தார். தேவகனி நெஞ்சுச் சதையில் ஊசியை ஏற்றி இறக்கினாள். குழந்தைகளிடம் சொல்வதைப்போல, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, தீந்து போச்சு" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். அலறல் பக்கத்துத் தோட்டம்வரை கேட்டது. முடிந்தபோது ராமையாவின் முழங்கையெல்லாம் கீறல். எத்தனை போட்டோம் என்று யாரும் எண்ணவில்லை. மாப்பிள்ளையை அன்று காலையே ராமையா ஆட்டுக்கொட்டகையில் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் பிறகும் அது ஆடுகளோடுதான் திரிந்தது.

சாயங்காலம் ராமையா வாளியைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. பறவைகள் காஃப் மரத்தின் உச்சிக்கிளையில் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்தன. அவர் ஒரு அடி எடுத்து வைத்ததும் அடுத்த மரத்துக்குப் பறந்தன. அவை பறக்கும் என்பதே ராமையாவுக்கு அன்றுதான் தெரியும்.

"ஒங்க வீட்டுக்காரம்மா பெரிய ஆளுண்ணே," என்றார். சொன்ன விதத்தில் அது பாராட்டாக இல்லை.

அபூ மாஜித் வந்து மரத்தடியில் நின்று பார்த்தார். பறவைகள் சிதறி ஓடின. அவர் முகம் மலர்ந்தது. மைத்துனரும் ஒருமுறை நேரில் வந்து, துரத்திப் பார்த்து, மூச்சு வாங்கி, இது வேட்டைதான் என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஜெபசீலனின் உண்மையான தொழில் தொடங்கியிருக்க வேண்டும். சிலேட்டை அவர் வெளியே எடுக்கவே இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் பறவைகள் இப்போது எதிர்த்திசையில் போயின. கூடாரத்தை இடம் மாற்றி, ஒரு வாரம் சும்மா விட்டுப் பழக்கினார். பொம்மைப் பெட்டையைக் காற்றில் ஆடாதபடி கல் கட்டி நிறுத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை அவரும் அபூ மாஜித்தும் வெயில் ஏறும்வரை உட்கார்ந்தார்கள். மரத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்று இறங்கி, கூடாரத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டது. அபூ மாஜித்துக்கு முழங்கால் வலித்தது, ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார். சேதுமாதவன் பாடவில்லை.

"இந்த வெள்ளிக்கிழமைதாங்க கடைசி. ஞாயித்துக்கிழமை ஓனர் கையெழுத்துப் போடறார். நான் என்ன பண்றது சொல்லுங்க?"

அந்த வெள்ளிக்கிழமை பனிமூட்டம் விலகும் நேரம். மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சேவல் தனியாக வந்தது. மற்றவை உச்சியிலேயே இருந்தன. இது தரையில் வந்தது, அவசரமில்லாமல். பொம்மைப் பெட்டையைக் கண்டதும் உடம்பை ஊதி, இறக்கைகளைத் தரையில் உரசி, தோகையை விசிறியாக்கியது. கழுத்து சிவந்து நீலமானது. கடையில் பதினாறு வருடம் முதுகைக் காட்டி நின்று தான் செய்து காட்டியது எவ்வளவு மோசமான நடிப்பு என்று ஜெபசீலனுக்குத் தோன்றியது.

அபூ மாஜித் நாணை இழுத்தார். சத்தமே இல்லை. முழுக்க இழுத்ததும் பாரம் குறைந்து கை நிலைத்தது. உதடு 'பிஸ்மில்லாஹ்' என்று அசையத் தொடங்கியது.

சேவல் ஒரு சுற்றுச் சுற்றியது. வலது காலைத் தாங்கி வைத்தது.

அபூ மாஜித்தின் கண் வில்லின் குறிமுள்ளில் இருந்தது. அவருக்குக் கால் தெரியாது. ஜெபசீலனுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேட்டையில் மறைவுக்குள் பேசாமல் இருப்பதுதான் முதல் பாடம், அதை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இது விழுந்துவிட்டால் சலாலா இல்லை. தேவகனி தனியாக இல்லை. எது தின்ன ஆகும், எது ஆகாது என்ற கணக்கு தன் வேதத்தில் இல்லை. ஆனால் இந்த மனிதர் ஆகாதது என்று தெரியாமல் அதைச் சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொரு முறை வில் வாங்கிப் போகும்போதும் தன்னிடம் கைகுலுக்குவார்.

"மாஃபி, அர்பாப்," என்றார் ஜெபசீலன். "வேண்டாம். இது ஓடாது."

அபூ மாஜித் நாணைத் திரும்ப விட்டார். சேவல் கூடார ஜன்னலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"எப்படித் தெரியும்?"

"இதற்கு ஊசி போடவில்லை. ராமையாவிடம் வளர்ந்தது."

"கைக்கு வருமா?"

ஜெபசீலனுக்கு இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. "வரும்," என்று அதற்குள் சொல்லியிருந்தார்.

"ஹலாஸ், அவ்வளவுதான்," என்றார் அபூ மாஜித். கூடாரத்தை விட்டு வெளியே வந்து, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, ராமையாவைக் கூப்பிட்டார். அவர் மனதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஓடுகிறதற்கு அம்பு, வருகிறதற்குக் கத்தி.

மாப்பிள்ளையை ராமையாதான் தூக்கிக் கொடுத்தார். வேறு யார் தூக்கியிருந்தாலும் அது அவ்வளவு அமைதியாக இருந்திருக்காது. அபூ மாஜித் தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திரும்பி, பேர் சொல்லி, ஒரே இழுப்பில் முடித்தார்.

பறவையை உரிக்கும்போது ராமையா நிமிரவில்லை. "ஊசிக்குப் பயந்து ஒளிச்சு வச்சேன்ணே. அதுக்கு ஒரு ஊசி போட்டிருந்தா இப்ப மரத்துல இருந்திருக்கும்."

"நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது மக்கா."

"தொறக்காட்டி அம்பு. தொறந்ததுனால கத்தி. அதுக்கு என்னண்ணே வித்தியாசம்?" கொஞ்சம் கழித்து, "காலு ரெண்டும் எனக்கு வேணும்னு அர்பாப்கிட்டச் சொல்லுங்க. வளத்தவன் திங்காம வேற எவன் திம்பான்" என்றார்.

ஜெபசீலனுக்கும் ஒரு பங்கு வந்தது. தேவகனி பிரியாணி வைத்தாள். அவர் கறியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிட்டார். "சலாலாவுல மழை உண்டாமே," என்றாள். "ஜூன்ல எல்லாம் பச்சையா இருக்குமாம். லீவுக்கு நான் வாறேன்." அவள் ஏற்கெனவே பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி கையெழுத்துப் போடவில்லை. அபூ மாஜித் முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போயிருந்தார். சேதுமாதவன் மேசைக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"உங்களை எங்கேயும் அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டாராங்க. அந்த மரத்துல இருக்கற பறவை அத்தனையும் அடிச்சு முடிக்கற வரைக்கும் நீங்க இங்கதான். தம்பிகளும் வேடிக்கை பார்க்க வர்றாங்களாம். அவங்களுக்கும் நீங்கதான் வில் செட் பண்ணணும்."

"முடிச்ச பெறவு?"

"அதுக்கப்புறம் சலாலாங்க. மூடறது தள்ளிப் போயிருக்குது, அவ்வளவுதான்." சேதுமாதவன் யோசித்துப் பார்த்தார். "ஒண்ணு அடிக்கணும்னு நான்தான் உங்களைப் படுத்தினேன். இப்ப அடிக்காம இருந்தாத்தான் உங்களுக்கு நல்லது போலிருக்கே."

இதை ஜெபசீலன் அதற்கு முன்பே யோசித்து முடித்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அபூ மாஜித் வில்லோடு கடைக்கு வந்தார். ஒரு பெட்டை இறங்கியிருக்கிறது. நல்ல தூரம், நல்ல நிற்பு. எய்திருக்கிறார். அம்பு ஒரு கை அகலம் இடப்பக்கம் போய்விட்டது. "வில் இழுக்கிறது பாய். முள்ளை நகர்த்து."

கடைக்குப் பின்னால் சட்டத்தில் காகிதம் மாட்டும் இடத்துக்கு ஜெபசீலன் வில்லை எடுத்துப் போனார். காகிதத்தின் வழியே அம்பை விட்டால், அம்பு கிழித்த விதத்தில் வில்லின் குற்றம் தெரியும். தானே ஒரு அம்பு விட்டார். சுத்தமான வட்ட ஓட்டை. மூன்று இறகும் பூப்போல் பதிந்திருந்தன. வில்லில் ஒரு குற்றமும் இல்லை. பிறகு அபூ மாஜித்தை விடச் சொன்னார். காகிதம் பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்தது. குற்றம் அவர் வில்லைப் பிடித்த பிடியில் இருந்தது.

முள்ளை ஒரு நூல் நகர்த்தி, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பலாம். பிடி தப்பாக இருக்கும்வரை ஒரு அம்பு இடப்பக்கம், ஒரு அம்பு வலப்பக்கம் என்று போய்க்கொண்டிருக்கும். மரத்தில் இருப்பவையும் மேசையில் இருப்பவரும் வருடக்கணக்கில் இருக்கலாம்.

கிழிந்த காகிதம் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறு வருடத்தில் அப்படி ஒரு கிழிசலோடு அவர் மேசையிலிருந்து எந்த வில்லும் வெளியே போனதில்லை.

"வில் சரியாக இருக்கிறது அர்பாப். நீங்கள் அதன் கழுத்தை நெரிக்கிறீர்கள்." அவர் அபூ மாஜித்தின் இடது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கட்டைவிரல் மேட்டில் மட்டும் வில் தங்குமாறு வைத்தார். "பிடிக்க வேண்டாம். அது உங்கள் கையில் சாய்ந்து நிற்கட்டும். விட்ட பிறகும் பிடிக்க வேண்டாம்."

புதுக் காகிதம் மாட்டினார். அபூ மாஜித் இழுத்தார், நிலைத்தார், விட்டார். வட்ட ஓட்டை, மூன்று இறகு.

கிழவர் அந்தக் காகிதத்தைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை," என்றார்.

"வெள்ளிக்கிழமை, அர்பாப்."

கார் கிளம்பிப் போனதும் ஜெபசீலன் ராமையாவுக்குப் போன் செய்தார்.

"டே, அதுவ மரத்த விட்டு எறங்குதா?"

"எங்கண்ணே எறங்குதுக. என்னையக் கண்டாலே மேல போயிருதுக. நேத்துத் தண்ணி வைக்கப் போனேன், எச்சத்தத் தலையில போட்டுட்டுப் போச்சு ஒண்ணு. வாளி கீளி தட்டி மறுபடி பழக்கட்டுமா? பாவமா இருக்கு."

"வேண்டாம்," என்றார் ஜெபசீலன். "ஒண்ணும் செய்யாத. தூரமாவே நில்லு. அதுவ மேலயே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு, கழற்றி வைத்திருந்த கிழிந்த காகிதத்தை எடுத்துக் கசக்கினார். வரிசையில் அடுத்த வில் காத்திருந்தது. அதைப் பிரஸ்ஸில் ஏற்றினார்.